நாப்பது படகு பேரையும் சொன்னேன்

நான் சொல்றேன், பேத்தி டைப் பண்றா.

போன வருஷம் கடல் கொண்டுபோன என் புள்ள சேகரு, படகுக்கு ஒரு விளக்கு செஞ்சான். கண்ணுக்குத் தெரியாத வேகத்துல அணைஞ்சு அணைஞ்சு எரியும், பேட்டரி லேசுல தீராது. அதுக்குக் காப்புரிமை கேட்டு எழுதிப் போட்டிருந்தான்.

இன்னிக்கு காப்புரிமை ஆபீசுல அதுக்கு விசாரணை. அவன் பேராவது அதுல நிக்கட்டும்னு நான் போனேன்.

"இது புதுசுதானாம்மா?"ன்னாரு ஆபீசரு.

"இன்னா சார் இப்டி கேட்டுட்ட? அவன் எழுதிப் போடறதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே அவன் செஞ்சு குடுத்த வெளக்கு காசிமேட்டுல நாப்பது படகுல எரிஞ்சிகினு இருந்துச்சு!" ஒண்ணு விடாம படகு பேரெல்லாம் சொன்னேன்.

ஆபீசரு பேனாவக் கீழ வெச்சாரு. "எழுதிப் போடறதுக்கு முன்னாடியே ஊருல பொழங்கிட்டா, அவரே செஞ்சதா இருந்தாலும் புதுசுன்னு குடுக்க முடியாதும்மா."

எனக்குக் கெடுதல் பண்ணவங்க ஒருத்தரையும் நான் மறந்ததில்ல. இன்னிக்கு அந்த வரிசையில நானும் சேந்துட்டேன்.

ஏம்பா, இத படிக்கிறவங்க சொல்லுங்க, மறக்கறதுக்கு எதுனா மருந்து இருக்குதா?