ஒத்துப்போகாத கணக்கோடு கோலாலம்பூருக்கு

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கப்பல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறையைப் பிடித்தது. அங்கிருந்து கோலாலம்பூருக்கு ரயிலில் இருபத்தேழு மைல். கிள்ளானில் ஒரு துணி வியாபாரி ஏறி எதிரில் உட்கார்ந்தார். நாகூர்க்காரர்.

"தம்பி என்ன சரக்கு கொண்டாந்திருக்கீங்க?"

"கணக்கு, பாய். அணுவோட கருவப் பத்தின கணக்கு."

"பாசார்ல வச்சா யாரு வாங்குவா?"

"ஒருத்தரும் வாங்க மாட்டாங்க."

"அப்ப கப்பல் காசு தண்டம்லா!" என்று சிரித்தபடி வெற்றிலையை நீட்டினார்.

சென்னையில் எங்கள் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வருகிறவர்களும் இப்படித்தான் ஏமாந்து போவார்கள். குடுவை கிடையாது, கருவி கிடையாது. ஒரு நீள மேசை, ஒரு கரும்பலகை, நாங்கள் நான்கு பேர். அணுவுக்குள் கரு இருப்பது தெரிந்து இருபது வருடங்கள் கடந்தும் அதற்குள் நடப்பதைக் கண்டவர் இல்லை. தாளில்தான் துரத்த வேண்டும். ரேடியத்தின் கருவைச் சுற்றி ஆற்றலாலான ஒரு சுவர். உள்ளே இருக்கும் ஆல்பா என்ற துகளுக்கு அதை ஏறிக் கடக்க வலுவில்லை. ஆனாலும் எப்படியோ வெளியே வந்துவிடுகிறது. எவ்வளவு காலத்தில் வரும் என்பதே எங்கள் கேள்வி.

ஒரே கணக்கை இருவர் தனித்தனியே போடுவதும், முடியும்வரை அதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதும் எங்கள் வழக்கம். என் ஜோடி சௌந்தரம். கணவருக்கு ரயில்வேயில் வேலை கிடைத்ததால் போன வருடம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிவந்துவிட்டார். கணக்கை மட்டும் விடவில்லை. ஆனால் தபாலில் வந்த அவர் விடை வேறு, என் விடை வேறு. "ரெண்டும் ஒத்தா ரெண்டு பேர் பேரும் அச்சுல வரும். இல்லேன்னா அந்தம்மாவ விட்டுடுவோம். கடல் தாண்டிக் கணக்கு நடக்காது" என்றார் எங்கள் பேராசிரியர். எனக்குச் சுருக்கென்றது. சௌந்தரத்துக்கு இந்தக் கணக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். ஒக்க வைக்காமல் திரும்புவதில்லை என்று கிளம்பிவிட்டேன்.

கோபுரங்கள் வைத்த ரயில் நிலையத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸ் ஒரு மைல்கூட இல்லை. ரிக்‌ஷாவுக்கு இருபது காசு. ரயில்வே குடியிருப்பின் வாசலிலேயே சௌந்தரம் நின்றிருந்தார்.

"வாங்கண்ணே. என் விடைதான் சீமையில சோதனை பண்ணி அளந்ததோட அப்படியே ஒத்துப்போகுது, பாத்தீங்கள்ல?"

பார்த்திருந்தேன். பிசகு என்னுடையது என்றே நம்பித்தான் வந்தேன்.

மறுநாள் தாள்களை மாற்றிக்கொண்டோம். என்னுடையது அடுக்களை மேசைக்குப் போனது, அவருடையது முன்னறைக்கு வந்தது. நடுவில் அவர் கணவர் கந்தசாமி பூனைபோல் நடந்தார்.

புதன்கிழமை மதியம் பிசகு எனக்குக் கிடைத்தது, அவர் தாளில். துப்பாக்கி சுட்டால் தோளில் இடிக்கும் அல்லவா? ஆல்பா பாயும்போது மிச்சக் கருவும் அப்படிப் பின்னால் நகரும். அந்த ஆற்றலைச் சௌந்தரம் சேர்க்கவில்லை. விடை அளவோடு பொருந்திவிட்டதால் அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுக்களைக்குப் போய்த் தாளை நீட்டி அந்த வரியைக் காட்டினேன்.

சௌந்தரம் அந்த வரியை இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு தன் விடையைக் குறுக்கே அடித்தார்.

"பொருந்துறத ஏன் அடிக்கிற?" என்று பதறினார் கந்தசாமி.

"தற்செயலாப் பொருந்தியிருக்குங்க. அத எப்படி வச்சுக்கிறது?"

மாலைக்குள் மீண்டும் போட்டார். என் விடையே வந்தது. சோதனை அளவிலிருந்து இரண்டும் ஒன்றாய் விலகி நின்றன.

"ரெண்டு பேரும் ஒத்துமையாத் தப்பா இருக்கீங்க" என்றார் கந்தசாமி.

"நாங்க இல்லீங்க. அந்தச் சுவரப் பத்தி எல்லாரும் நினைச்சிருக்கிறதுதான் எங்கயோ தப்பு" என்றார் சௌந்தரம். பேராசிரியர் கேட்டது இரண்டும் ஒக்க வேண்டும் என்பதுதானே? ஒத்துவிட்டன. இரண்டு பெயரும் அச்சேறும். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை ரயிலடிக்கு இருவரும் வந்தார்கள். சென்னையில் சௌந்தரத்தின் நாற்காலியை ஒரு வருடமாக யாரையும் தொட விடாமல் காத்துவந்தேன். இனி யார் வேண்டுமானாலும் உட்காரட்டும். அவர் மேசை பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது.

வண்டி நகரும்போது ஜன்னலோடு கூடவே நடந்து வந்தார்.

"அண்ணே, அந்தச் சுவரு உருண்டையா இல்லேன்னா..." என்று தொடங்கியவர், சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த கணக்கு தொடங்கிவிட்டது. நானும் வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன்.