கையில் குத்திய நங்கூரம்

வல்வெட்டித்துறையில் தோணியை விட்டு இறங்கி, மணலிலேயே உட்கார்ந்திருக்கிறேன். நாகப்பட்டினத்திலிருந்து வழியெல்லாம் வாந்தி. கடலுக்கு அஞ்சாதவன் என்று நாலு பேர் நினைக்கட்டுமே என்று, புறப்படுமுன் முன்கையில் நங்கூரம் ஒன்றைப் பச்சை குத்திக்கொண்டேன். வீக்கம் இன்னும் வடியவில்லை.

தோணியை ஓட்டிவந்த தண்டையல் செம்பில் தண்ணீர் தருகிறார். என் கையைப் பார்க்கிறார்.

"உது என்னத்துக்கு, தம்பி?"

"கடலோடியின் அடையாளம்" என்கிறேன், மீசையில் ஒட்டியதைத் துடைத்துக்கொண்டே.

"நங்கூரம் போட்டால் தோணி ஓடாது எண்டுதான் எங்களுக்கு அர்த்தம். குத்தினவன் உம்மை வடிவாப் பாத்துத்தான் குத்தியிருக்கிறான்."

சட்டைக்கையை இறக்கிவிடுகிறேன். ஊர் திரும்பக் கடலில் இறங்காத வழி ஏதும் உண்டா என்று அவரிடமே கேட்கிறேன்.

"ஓம், இருக்கு. மற்றக் கையிலை அனுமாரைக் குத்தும்."