முதல் கட்டத்தில் ஒரு டிக்

என் மேஜை இழுப்பறையில், ரேஷன் கார்டுக்கும் ஆதார் நகல்களுக்கும் அடியில், ஒரு இளஞ்சிவப்புத் தாள் கிடக்கிறது. கார்பன் நகல். எழுத்தெல்லாம் மங்கிப் போய்விட்டது. அழுத்திப் போட்ட ஒரே ஒரு டிக் மட்டும் இன்னும் நீலமாகத் தெரிகிறது. வேறு எதையோ தேடும்போது அது விரலில் பட்டால் போதும், கையை இழுத்துக்கொண்டு இழுப்பறையை மூடிவிடுவேன். நான் பயந்தாங்கொள்ளி இல்லை. வாளையார்க் காட்டுப் பக்கம் யானை நிற்கிறது என்று எல்லோரும் வண்டியைத் திருப்பிய நாளில் ஸ்கூட்டரை நிறுத்திக் காத்திருந்து தாண்டிப் போனவள். அப்பேர்ப்பட்டவள் ஒரு துண்டுத் தாளுக்கு நடுங்குகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? அதனால் என் வீட்டுக்காரரிடம்கூட வெகுகாலம் இதைச் சொல்லவில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பாலக்காட்டில் என்னைப் பெற்ற அத்தா நடத்திய துணிக்கடை மூடிக் கிடந்தது, அத்தாவும் படுக்கையில் விழுந்துவிட்டார். நான் தினமும் பஸ் ஏறிக் கொல்லங்கோட்டுக்குப் போய் ஒரு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் முன்மேஜையில் உட்கார்ந்தேன். மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, கரண்ட் அடுப்பு என்று எது மக்கர் பண்ணினாலும் ஜனங்கள் பையில் போட்டுக்கொண்டு படியேறி வருவார்கள். நான் மூன்றடுக்குத் தாளில் எழுதுவேன். வெள்ளை வாடிக்கையாளருக்கு, மஞ்சள் கம்பெனிக்கு, இளஞ்சிவப்பு எங்களுக்கு. தாளின் அடியில் இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலாவது, உபயோகித்தவரின் தவறு. இரண்டாவது, தயாரிப்பில் உள்ள குறை. இரண்டாவதில் டிக் விழுந்தால் மேலிடத்திலிருந்து மேனேஜர் சாருக்கு ஃபோன் வரும். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த பெண் அப்படித்தான் போனாளாம். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே சார் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை, கடை திறந்த கையோடு டீச்சர் வந்தார். எல்லையோரத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வேலை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கலாம். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கட்டு. வலது கையில் அரிசிச் சாக்கு, அதற்குள் எங்கள் கம்பெனியின் இண்டக்‌ஷன் அடுப்பு. மேஜைமேல் சாக்கை வைத்துவிட்டு, "ஏனுங்க, கொஞ்சம் பொறுமையாக் கேக்கறீங்களா?" என்றுதான் ஆரம்பித்தார். அந்த மேஜையில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எடுத்த எடுப்பில் சண்டைதான் போடுவார்கள்.

அவர்கள் புது வீடு கட்டிப் பால் காய்ச்சியிருக்கிறார்கள். கேஸ் இணைப்பு இன்னும் மாறி வரவில்லை. மூன்று செங்கல் வைத்து விறகு எரிக்கலாம் என்று மாமியார் சொல்ல, புதுத் தரையில் கரி படியும், கரண்ட் அடுப்பு இருக்கிறதே என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். "நான்தானுங்க சொன்னேன்," என்று அதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். பாத்திரத்தின் கழுத்துவரை பால் ஊற்றி, சொந்தபந்தம் சுற்றி நிற்க, இவர் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பால் பொங்க வேண்டும் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் முஸ்லிம் வீடுகளிலும் பால் காய்ச்சித்தான் புது வீட்டுக்குக் குடி போவோம். விளிம்பு தாண்டி வழிந்தால்தான் எல்லோருக்கும் மூச்சு வரும்.

"கெழக்கால பொங்குச்சுங்க. எல்லாருங் கொலவ போட்டாங்க. நானுஞ் சந்தோசமா ஆஃப் பட்டன அமுத்தினேன். கேக்கல. மறுக்கா அமுத்தினேன். கேக்கலீங்க. பாலு அந்தப் பட்டனு மேலயே ஓடுது, நெம்பரு மட்டும் எரிஞ்சுட்டே இருக்குது. பிளக்கப் புடுங்கலாம்னா அது சனத்துக்குப் பின்னால. நிறுத்து, நிறுத்துன்னு ஆளாளுக்குக் கத்தறாங்க. முந்தானையப் புடிச்சுப் பாத்தரத்தத் தூக்கிட்டேனுங்க."

பாத்திரம் சரிந்தது. பால் பாதி கையில், மீதி புதுத் தரையில். புது வீட்டில் பால் பாத்திரம் கவிழ்ந்தால் ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் கையை அன்று யாரும் பார்க்கவில்லையாம், தரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். பத்தாம் நாள் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு பேச்சே இல்லை. ராசி கெட்ட கை, இனி அடுப்படிக்குள் வராதே என்று மாமியார் சொல்லிவிட்டார். அம்மாவின் கோபம் அடங்கட்டும் என்று கணவர் வாயை மூடிக்கொண்டார். தான் கட்டிய வீட்டில் விருந்தாளி மாதிரி கூடத்தில் உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் டீச்சர்.

"கம்பெனிக்காரங்க பாத்து, தப்பு அடுப்பு மேலன்னு எழுதிக் குடுத்தா நான் வாயே தொறக்கலைன்னு எங்கத்தை சொல்லியிருக்கறாங்க. எனக்குப் புது அடுப்பு வேண்டாமுங்க. என்ன நடந்துச்சோ அத எழுதிக் குடுங்க, போதும்."

அடுப்பை உள்ளே எடுத்துப் போனேன். எங்கள் மெக்கானிக் அண்ணன் இடுக்கி மலையில் எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். கதையைக் கேட்டுவிட்டு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அடுப்பைப் போட்டார். கொதி வந்ததும் பட்டன்கள் இருந்த கண்ணாடிமேல் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றி, ஆஃப் பட்டனைத் தொட்டார். அணையவில்லை. துணியால் துடைத்துத் தொட்டார். அணைந்தது. மறுபடி ஊற்றினார், மறுபடி அதே கதை. மூன்று தடவை செய்தார்.

"பாத்தியா தாயி, நனைஞ்சா இதுக்குக் காது கேக்காது. என்னைக்கு நிறுத்தணுமோ அன்னைக்குத்தான் நிறுத்தாது. அடுப்புன்னு வச்சா பொங்கத்தான செய்யும்? இதச் செஞ்சவன் சென்மத்துல பால் காச்சினதில்ல போல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் வாயால சொல்லிருவேன். எழுதறது உன் கையி."

டீச்சர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் நடந்தது எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

நான் மேஜைக்கு வந்து தாளை எடுத்தபோது மேனேஜர் சார் என் பின்னால் வந்து நின்றார். நாற்காலியின் முதுகில் அவர் கை இருந்தது, அதன் பாரம் எனக்குத் தெரிந்தது. அடுப்போடு வந்த குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஒரு வரியைக் காட்டினார். பொங்கி வழிய விடக்கூடாது என்று அதில் இருந்தது. "புஸ்தகத்தில் எழுதிட்டுண்டல்லோ. பின்னே எந்தா சம்சயம்?" என்றார் மலையாளத்தில், மெதுவாக. எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை, அதுதான் விஷயம். பயம்தான் இருந்தது. அத்தாவின் மருந்துச் சீட்டு என் பைக்குள் இருந்தது. முன்னால் இருந்த பெண் போன மாதிரி நானும் படியிறங்கிப் போவது கண்ணில் தெரிந்தது. முதல் கட்டத்தில் டிக் போட்டேன். மூன்று தாளிலும் பதியும்படி அழுத்திப் போட்டேன்.

டீச்சர் வெள்ளைத் தாளை வரிவரியாகப் படித்தார். அடிவரைக்கும் வந்தார். டிக்கைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "சரிங்க," என்றார். தாளை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, சாக்கை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். கீழேவரை நான் அதைத் தூக்கிக் கொடுத்திருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு இளஞ்சிவப்பு நகலைப் புத்தகத்திலிருந்து கிழித்தெடுத்து டிபன் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து பயம் பிடித்தது எனக்கு. படியில் யாராவது மெதுவாக ஏறி வந்தால் எழுதுவதை நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பேன். காலையில் பேப்பரின் ஜில்லாப் பக்கத்தைத் திறக்கவே பயம். ஆசிரியை என்ற சொல் கண்ணில் பட்டால் பக்கத்தை மடித்துவிட்டு, பிறகு கழிப்பறைக்குள் கொண்டுபோய்ப் படிப்பேன். ஒரு பெண்ணை ராசி கெட்டவள் என்று ஒரு வீடு முடிவுகட்டிவிட்டால் அது எதுவரைக்கும் போகும் என்று எனக்குத் தெரியாதா? கிணறு இருக்கிறது, கயிறு இருக்கிறது, ரயில் இருக்கிறது. அல்லாவே, அப்படி எதுவும் நடந்திருக்கக் கூடாது என்று எத்தனை தொழுகையில் கேட்டிருப்பேன். போய்ப் பார்த்துவிட்டு வா என்று மனசு சொல்லும். போனால் தெரிந்துவிடுமே என்று கால் நின்றுவிடும். எனக்குக் கல்யாணம் ஆயிற்று, வேலையை விட்டேன், அத்தாவும் போய்விட்டார். யாருக்காகப் பயந்தேன் என்று சொல்லிக்கொண்டேனோ அவரே இல்லை. பயம் மட்டும் என்னோடு குடியிருந்தது.

பன்னிரண்டு வருடம் கழித்து, போன நோன்பில் ஒரு சாயங்காலம், கேஸ் தீர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்த கரண்ட் அடுப்பில் நோன்புக் கஞ்சி வைத்தேன். வேறு கம்பெனி, புது மாடல், பளபளவென்று இருக்கும். பேரீச்சம்பழத்தைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டுத் திரும்பினால் கஞ்சி பொங்கிப் பட்டன்கள்மேல் வழிந்துகொண்டிருக்கிறது. தொட்டேன். கேட்கவில்லை. மறுபடியும் தொட்டேன். சிவப்பு எண் என்னைப் பார்த்து எரிந்துகொண்டே இருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தெரிந்திருந்ததால் என் கை தப்பித்தது. தெரிந்ததை அவரிடம் சொல்லாமல் விட்டவளும் நான்தான். பாங்கு சொல்லி நோன்பு திறந்த பிறகு வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "பெருநாள் முடிஞ்சதும் போய்ப் பாத்துட்டு வா புள்ள," என்றார்.

இளஞ்சிவப்புத் தாளில் மங்கிக் கிடந்த விலாசத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துக்கொண்டு, எங்கள் அடுப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு, முதலமடைப் பக்கம் போய் இறங்கினேன். பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் டீச்சர் வீடு எது என்று கேட்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எந்த டீச்சருங்க?" என்றார் கடைக்காரர். "பால் கொட்டுன ஊட்டு டீச்சரா?"

பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகும் அந்த வீட்டுக்கு அதுதான் பெயர். "இருக்காங்களா?" என்றேன். "ஊட்லதான் இருப்பாங்க, போங்க," என்றார் அவர், சாதாரணமாக. அந்த ஒரு வார்த்தைக்காக அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன்.

கதவைத் திறந்தது டீச்சர்தான். முன்நெற்றியில் நரை. கையில் தோல் வெளிறி, சுருங்கி, முழங்கைவரை ஏறிய தழும்பு. நான் யார் என்று சொன்னதும் கதவை முழுசாகத் திறந்து, "உள்ள வாங்க," என்றார். மாமியார் போய் நான்கு வருடம் ஆயிற்றாம். அப்பாடா, இனி அடுப்படி இவருடையதுதான் என்று மனசு லேசானது.

"கட்டஞ்சாயா குடிப்பீங்களா? பாலு இன்னும் காச்சலீங்க," என்றார். "அவரு வந்துதான் காச்சோணும். இல்லாட்டிப் புள்ள வரோணும். நான் பாலு காச்சறதில்லீங்க."

"அத்தைதான் இப்ப இல்லையே, டீச்சர்?"

"அத்தை சொன்னத நான் என்னைக்குங்க நம்புனேன்? நீங்க எழுதுனதத்தான் நம்புனேன். மிசினு தெரிஞ்சவங்க பாத்து எழுதுனதுங்களே." பீரோவைத் திறந்து அந்த வெள்ளைத் தாளை எடுத்து வந்தார். மடிப்பில் கிழிந்த இடங்களில் டேப் ஒட்டியிருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் மாமியார் எடுத்துக் காட்டிய தாள். அவர் போன பிறகு இவரே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்.

பையிலிருந்து அடுப்பை எடுத்து வைத்து, தண்ணீர் கொதிக்க விட்டு, பட்டன்கள்மேல் ஒரு கரண்டி ஊற்றினேன். "நீங்க அமுத்துங்க டீச்சர்," என்றேன். அவர் கை பாதி தூரம் வந்து நின்றது. இதைப் பார்க்கத்தானா இத்தனை தூரம் வந்தாய் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். பிறகு தொட்டார். அணையவில்லை. இன்னொரு தடவை தொட்டார். அணையவில்லை. முந்தானையால் துடைத்துவிட்டுத் தொட்டார், அணைந்தது. கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவரே ஊற்றினார், தொட்டார், துடைத்தார், தொட்டார். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை.

"அப்ப, அது நானில்லீங்களா?"

"நீங்க இல்ல டீச்சர். அன்னைக்கே எங்களுக்குத் தெரியும்."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "தெரிஞ்சுமா?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். திட்டுவார், எதையாவது தூக்கி எறிவார் என்று காத்திருந்தேன், அது வந்தால் தேவலை என்றிருந்தது. அவர் எழுந்து போய், பரீட்சைப் பேப்பர் திருத்துகிற சிவப்புப் பேனாவைக் கொண்டுவந்து தாளோடு என் முன்னால் வைத்தார். "மாத்திப் போடுங்க," என்றார். முதல் கட்டத்து டிக்கை அடித்துவிட்டு இரண்டாவதில் போட்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன். அவர் அதை வாங்கி, வரிவரியாகப் படித்து, பீரோவில் வைத்துப் பூட்டினார். என்னைப் போகச் சொல்லவில்லை. அடுப்படிக்குள் போனார். ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம், பாத்திரத்தில் பால் விழும் சத்தம், கேஸ் பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பால் பொங்கி அடங்கும்வரை நான் கூடத்திலேயே நின்றேன். பிறகு என் அடுப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று ரேஷன் கார்டைத் தேடும்போது இளஞ்சிவப்புத் தாள் மறுபடி விரலில் பட்டது. கை தானாக இழுப்பறையை மூடப் போனது. எடுத்து விரித்துப் பார்த்தேன். அன்று டீச்சர் வீட்டில் நான் திருத்தியபோது அடியில் கார்பன் வைக்கவில்லை. என் தாளில் அந்த டிக் இன்னும் முதல் கட்டத்திலேயே இருக்கிறது.