வேன் மாமாவின் மேடு

என் தங்கையின் வீட்டுக்காரரை ஊரே வேன் மாமா என்றுதான் கூப்பிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதற்காக அந்தப் பழைய வேனை அவர் வாங்கப் போனபோது, "வேண்டாம் மாப்ள, இது செல்ஃப் மக்கர் பண்ற வண்டி" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். வண்டிப் பட்டறை வைத்திருப்பவன் சொல்கிறானே என்று கேட்டாரா? "மச்சான், சாவியத் தொட்டாலே போதும், பாட ஆரம்பிச்சிடும்" என்று மார்தட்டிக்கொண்டு வாங்கி வந்தார். பாடத்தான் செய்தது, ஒரு மழைக்காலம் வரைக்கும்.

அதன் பிறகு, சாவியைத் திருப்பினால் எஞ்சினைக் கிளப்ப வேண்டிய செல்ஃப் மோட்டார் வாய் திறக்கவில்லை. என்னிடம் கொண்டுவந்தால் அரை நாள் வேலைதான். ஆனால் கொண்டுவந்தால் நான் சொன்னது சரி என்று ஆகிவிடுமே! வேறு பட்டறைக்குப் போனாலும் அன்று மாலைக்குள் செய்தி என் காதுக்கு வந்துவிடும். ஆகவே மாப்பிள்ளை வேறு வழி கண்டுபிடித்தார். வீட்டு வாசலில் என் தங்கை பின்னாலிருந்து தள்ளுவாள். வண்டி ஒருமுறை கிளம்பிவிட்டால் கடைசிப் பிள்ளை இறங்கும்வரை எஞ்சினை அணைக்க மாட்டார். நடுவில் தப்பித் தவறி அணைந்துவிட்டால், "எக்சர்சைஸ் நேரம் கண்ணுங்களா, இறங்கித் தள்ளுங்க பாப்போம்" என்பார்.

"குடும்பம் நடத்துறதுன்னா இதுதான்னு தெரிஞ்சிருந்தா, கல்யாணத்தப்ப உங்கிட்ட நல்ல செருப்பா ஒண்ணு கேட்டு வாங்கியிருப்பேன்ணே" என்பாள் தங்கை.

இவ்வளவு சொன்ன வாயால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போனவர் இல்லை அவர். மற்ற வண்டிக்காரர்கள் ஹாரனை அழுத்திப் பிள்ளைகளின் உயிரை எடுப்பார்கள். இவரோ ஒரு கையில் சாக்ஸும் மறு கையில் பையுமாக ஓடிவரும் வாண்டைப் பார்த்து, "ஓடாதடா, விழுந்துடுவ. நான் எங்கயும் போகல" என்பார். எஞ்சின் மட்டும் அது பாட்டுக்குப் புகையைக் கக்கிக்கொண்டிருக்கும்.

அந்தப் புகையில்தான் வினை வந்தது.

பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றம் ஆரம்பித்தார்கள். மரக்கன்று நட்டு, போட்டோ எடுத்து, அத்தோடு மறந்துவிடுகிற கூட்டம் என்றுதான் நினைத்தேன். மன்றத் தலைவி ஏழாம் வகுப்புப் பெண். மூக்கு நுனியில் கண்ணாடி, நாக்கு நுனியில் கேள்வி. வேனில் மாப்பிள்ளைக்குப் பின் இருக்கை அவளுடையது. அவளும் அவள் கூட்டமும் இரண்டு வெள்ளைத் துணிகளை எடுத்து, ஒன்றைப் பள்ளி வாசல் கம்பியிலும் மற்றொன்றை விளையாட்டுத் திடலின் வேலியிலும் கட்டினார்கள். சில வாரங்கள் கழித்து அவிழ்த்தபோது திடல் துணியில் கொஞ்சம் தூசி. வாசல் துணி என் பட்டறைக் கைத்துணி மாதிரி இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு டீக்கடை, தையல் கடை, மருந்துக்கடை என்று ஒன்று விடாமல் ஏறி இறங்கினார்கள். "இதத்தான் அங்கிள் நாங்க தினமும் மூச்சுல இழுக்குறோம்" என்று என் பட்டறைக்கும் வந்து காட்டினாள் கண்ணாடிப் பெண். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் முதல் வாசலில் நிற்கும் வண்டிகளின் கண்ணாடியைத் தட்டி, "எஞ்சினை அணைங்க, ப்ளீஸ்" என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தார்கள். அணைத்தால் மாப்பிள்ளையின் கதை கந்தல். என்ன செய்தார் தெரியுமா? நின்றால்தானே அணைக்க வேண்டும் என்று, மணி அடிக்கும்வரை பள்ளியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இன்னைக்கு என்ன வேன் மாமா, ஊர்வலமா?" என்று கேட்டார் டீக்கடைக்காரர். "வண்டிக்கு ஓட்டம் வேணும்ல" என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனார்.

பிறகு பெற்றோரையும் கடைக்காரர்களையும் வண்டிக்காரர்களையும் பள்ளியில் கூட்டினார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். தலைமையாசிரியை கறாரான அம்மா. "திங்கட்கிழமையிலேருந்து வாசல்ல எல்லா வண்டியும் எஞ்சினை அணைக்கணும். அணைச்ச வண்டி திரும்பக் கிளம்பலைன்னா, மறுநாள் அந்த வண்டிய ஸ்கூலுக்கு விட மாட்டோம்" என்றார்.

மாப்பிள்ளையைப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளைகள் இல்லாவிட்டால் மனுஷன் உடைந்துபோவார்.

அப்போது கண்ணாடிப் பெண் எழுந்தாள். "மேடம், வண்டி எதுக்கு வாசல் வரைக்கும் வரணும்? தண்ணீர்த் தொட்டி மேட்டுல எல்லாரும் நிறுத்தட்டும். அங்கேருந்து நாங்க சேர்ந்து நடந்து வர்றோம்."

"எம் பையன் மேடு ஏறி நடக்கணுமா?" என்று ஒரு அம்மா சண்டைக்கு வந்தார். "கிரிக்கெட்னா நாள் பூரா ஓடுறானே, அதுக்கு மட்டும் கால் வலிக்காதா?" என்று தையல்காரர் கேட்டதும் சிரிப்பு. மேட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே உள்ள திருப்பத்தில் தானே நின்று பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பதாகவும் சொன்னார். உடனே மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். "காத்து சுத்தமா இருக்கணும்னா நாமதான் முதல்ல மாறணும்! என் வண்டி இனிமே மேட்டுலதான் நிக்கும்!" கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நான் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டேன். மேட்டில் வண்டியின் மூக்கைச் சரிவு பார்த்து நிறுத்தினால் உருட்டியே கிளப்பிவிடலாமே, செல்ஃப் எதற்கு?

திட்டம் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை சாவியைப் பாதி திருப்பி, இரண்டாம் கியர் போட்டு, கிளட்சை மிதித்து ஹாண்ட் பிரேக்கை விடுவார். சத்தமில்லாமல் உருண்டு, பாதிச் சரிவில் கிளட்சை விட்டதும் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். "டீசலைக்கூட எப்படி மிச்சம் பிடிக்கிறார் பாருங்க" என்று பெற்றோர்கள் வியந்தார்கள். மாப்பிள்ளையும் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டார். பள்ளி வாசலில் கட்டிய புதுத் துணியில் திடல் துணி அளவுக்கே தூசி இருந்தது. ஆண்டு விழாவில் அவரை மேடையேற்றி, "சுற்றுச்சூழலின் காவலர்" என்று சொல்லிக் கையில் ஒரு பூந்தொட்டியைக் கொடுத்தார்கள்.

விழா முடிந்ததும் வேன் நேராக என் பட்டறை வாசலில் வந்து நின்றது. எஞ்சினை அணைத்தார். என் வாசலில் எஞ்சினை அணைத்தால் என்ன அர்த்தம்! இத்தனை வருஷமாக இந்த நாளுக்கென்று நாலு கிண்டலைத் தயாராக வைத்திருந்தேன். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது.

"மச்சான், மேடையிலேருந்து இறங்கினதும் அந்தக் கண்ணாடிப் பொண்ணு வந்து காதுல சொல்றா. 'மேட்டுல நிறுத்தலாம்னு சொன்னது உங்களுக்காகவும்தான் மாமா. செல்ஃப் எடுக்காதது வேன்ல எல்லாருக்கும் தெரியும். நாங்க வெளிய சொல்ல மாட்டோம்'னு. நான் என்னமோ எல்லாரையும் ஏமாத்திட்டேன்னு நெனச்சுட்டிருந்தேன்."

நாலு கிண்டலையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தேன். மோட்டாரைக் கழற்றி, புதுசு போட்டுக் கொடுத்தேன். சாவியைத் தொட்டதும் வண்டி பாடியது. "யாருகிட்டயும் சொல்லாத" என்றார்.

மறுநாள் மாலை, வேலையைப் பாதியில் போட்டுவிட்டு மேட்டுக்குப் போனேன். பிள்ளைகளின் வாய் எப்படிப் பிளக்கப்போகிறது என்று பார்க்கத்தான். எல்லாரும் ஏறியாயிற்று. மாப்பிள்ளையின் விரல்கள் சாவியில். உள்ளே பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டு, முன்னிருக்கைக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள். கண்ணாடிப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவர்களைப் பார்த்தார். சாவியைப் பாதி திருப்பியதோடு நிறுத்தினார். ஹாண்ட் பிரேக்கை விட்டார்.

வேன் உருண்டது. பாதிச் சரிவில் எஞ்சின் பிடித்தபோது உள்ளே எழுந்த கூச்சல், அந்தப் பிள்ளைகளே தோள் கொடுத்துத் தள்ளி ஜெயித்த மாதிரி இருந்தது. என்னைக் கடக்கும்போது மாப்பிள்ளை உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

நான் போட்ட புது மோட்டார் அப்படியே புதுசாக இருக்கிறது.