கூடை இல்லாமல் ஏற முடியாது

விழிஞ்ஞம் மீன்துறை வாசலில் காலை எட்டரை மணி. நாகர்கோவிலிலிருந்து வந்தவள், மீன் ஏலத்தை வேடிக்கை பார்த்து நேரத்தை விட்டுவிட்டேன். பத்து மணிக்குத் திருவனந்தபுரம் கல்லூரி ஒன்றில் நான் கட்டுரை வாசிக்க வேண்டும். தலைப்பு, 'கடல்தொழில் வரலாற்றில் பெண்கள்'. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். தாமதமாகப் போய் நிற்க மனம் வராது. வருவதோ மீன் விற்கும் பெண்களுக்கான தனிப் பேருந்து.

"கூடை எவிடே?" என்கிறார் நடத்துநர். "கூடை இல்லாம ஏறப்பிடாது."

"இவங்களப் பத்தித்தான் சார் கட்டுரையே எழுதியிருக்கேன்."

"கட்டுரை மணக்குமோ?"

படியில் நிற்கும் மீன்கார அக்கா சிரித்தபடி தன் இரண்டு கூடைகளில் ஒன்றை என் தலையில் ஏற்றுகிறார். "இப்போ ஏறு மோளே. சாளை மீனாக்கும், சாய்க்காத கேட்டோ!"

ஏறுகிறேன். சாய்க்கவும் செய்கிறேன். மீன் தண்ணீர் நெற்றி வழியாக இறங்கிக் கட்டுரைமேல் சொட்டுகிறது.

அரங்கத்தில் நான் வாயைத் திறக்குமுன்பே முன்வரிசை மூக்கைப் பொத்துகிறது. என் முதல் வரி: 'இப்பெண்கள் எந்தத் தடயமும் விட்டுச் செல்லவில்லை.'

அதை அடித்துவிட்டு, இரண்டாம் வரியிலிருந்து தொடங்குகிறேன்.