கோழிக் கொட்டகையில் ஓடிய புது ஆல்பம்

கல்லூரியில் நாங்கள் பைத்தியமாகக் கேட்ட அந்த வெளிநாட்டு ராக் குழு, பல வருடம் மூச்சே விடாமல் இருந்துவிட்டு, போன மாதம் புது ஆல்பம் வெளியிட்டது. நாங்கள் என்றால் நானும் என் மனைவியும். திருச்செங்கோட்டில் ஒரே வகுப்பு. அந்தக் குழுவின் பெயர் போட்ட என் பனியனைப் பார்த்துத்தான் அவள் என்னிடம் முதன்முதலாகப் பேசினாள். இப்போது நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறோம். பேச்செல்லாம் தீவனம், தடுப்பூசி, முட்டை விலை. அதைத் தாண்டி அவளோடு நாலு வார்த்தை பேச எனக்கு ஆசை. இந்த ஆல்பம் வந்தால் பேச்சும் வரும் என்று நம்பினேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய?

கோழிகளுக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது. மிரண்டால் முட்டை குறையும். அதனால் கொட்டகையில் பகலெல்லாம் ஏதாவது பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஸ்பீக்கரில்தான் ஆல்பத்தைப் போட்டேன். தனியாகக் கேட்பதில்லை என்று எனக்கு ஒரு பிடிவாதம். நான் வாசல் பக்கம் தீவனம் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கடைக்கோடியில் முட்டை எடுத்து அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

டிரம்ஸ் கேட்டது, கிடார் கேட்டது. பாடகர் மட்டும் வாயே திறக்கவில்லை. அடுத்த பாட்டிலும் இல்லை. கடைசிவரை காத்திருந்து ஏமாந்ததில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மதியம் சாப்பிடும்போது அவள், "வயசானாலும் அந்த ஆளு என்னமாப் பாடறாருங்க! கொரலு அப்படியே உருக்குது" என்றாள்.

எந்தக் குரல்? சோற்றைப் பிசைந்தபடி தலையாட்டி வைத்தேன். மறுநாளும் போட்டேன். குரல் இல்லை. என் காதில் கோளாறா? கோழி கொக்கரிப்பது கேட்கிறது, ரோட்டில் போகும் லாரி ஹாரன் கேட்கிறது. இல்லை, இவள் என்னை ஓட்டுகிறாளா? ஒரு வாரம் மண்டை காய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் கேட்டேவிட்டேன்.

"ஏம்புள்ள, அதுல யாரு பாடறாங்க? எனக்கு ஒரு வரிகூடக் கேக்கலையே?"

"காதுல பஞ்சா வச்சிருக்கீங்க? கொரலும் பியானோவுந்தானுங்க அதுல இருக்குது. டிரம்ஸைத்தான் காணோம்."

என் கையைப் பிடித்துக் கடைக்கோடிக்கு இழுத்துப் போனாள். அங்கே குரல் இருந்தது. டிரம்ஸ் இல்லை.

ஸ்பீக்கர் கட்டியவன் நான்தான். இடது பக்க ஒலியை வாசலுக்கும் வலது பக்க ஒலியைக் கடைசிக்கும் இழுத்து விட்டிருந்தேன். வழக்கமாகப் போடும் பாட்டுகளில் குரல் இரண்டு பக்கமும் வருவதால் அது தெரியவே இல்லை. இந்தக் குழுவோ, புதுமை செய்கிறோம் என்று குரலைத் தூக்கி ஒரே பக்கம் வைத்திருக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் செய்கிற வேலையா இது!

இருவரும் கொட்டகை நடுவில் போய் நின்றோம். இப்போது எல்லாம் சேர்ந்து கேட்டது. நன்றாக இருந்ததா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. ஒரு பாட்டில் கொட்டாவி வந்தது. இன்னொன்று எங்கே ஆரம்பித்து எங்கே முடிந்தது என்றே பிடிபடவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசமாலுமே உனக்குப் புடிச்சிருக்குதா?"

"தெரீலீங்க. எனக்கு ஒண்ணுமே வெளங்கல."

"அப்பறம் எதுக்கு அப்படிப் புகழ்ந்த?"



"புடிக்கலைன்னு சொன்னா, அத்தோட பேச்சு முடிஞ்சு போயிருமுங்களே."