தேசிய கீதத்துக்குப் பிறகு

இன்று சிலுவையின் முறை. பெரியப்பா மஞ்சள் துணியால் அதை முதலில் துடைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கும் விரலளவுக் கொடியைத் துடைக்கிறார். நாளை கொடி முந்தும். பேருந்தின் முன்கண்ணாடிக்குக் கீழே இரண்டும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. "ரெண்டு பேருக்குள்ள மனஸ்தாபம் வந்துடக் கூடாது பாரு" என்பார். அதற்குப் பிறகுதான் வண்டி கிளம்பும்.

தொப்பை ஸ்டியரிங்கைத் தொடும். குரல் பணிமனையின் தகரக் கூரையைத் தொடும். ஓட்டிக்கொண்டே ஜெபிப்பார், கண்ணைத் திறந்துகொண்டுதான். தேசிய அணியின் கோல்கீப்பர், மின்சார இலாகா, குடிநீர்க் குழாய், எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறினால், "ஆண்டவரே, இந்த ரோடு போட்டவனுக்கு நல்ல புத்தியைக் கொடும்!" பயணிகள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

நாடு நாடாகச் சுற்றிவிட்டு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. "ஏம்மா, நம்ம கொடி மாதிரி எடுப்பா எங்கேயாவது இருந்துச்சா?"

"இல்ல பெரியப்பா."

"அதானே!"

பணிமனையில் அவர் பெயர் 'ஆமென் அண்ணன்'. சுதந்திர தினத்தன்று தொப்பியோடு விறைப்பாக நின்று தேசிய கீதம் பாடுவார். கடைசி வரி முடிந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு, "ஆமென்!" என்று முழங்குவார். வேலைக்குச் சேர்ந்த வருடத்தில் வாய் தவறி வந்தது, பிறகு விடவில்லை. "அதுவும் ஜெபம்தானேம்மா. எழுதிட்டுக் கையெழுத்துப் போடாம விடலாமா?"

இந்த வருடத்தோடு ஓய்வு. அதனால் கொடியேற்றும் பெருமை அவருக்கு. புதிதாக வந்த மேலாளர்தான் குறுக்கே வந்தார். "இது சர்ச் இல்லீங்க. நாடு பெருசுன்னு நெனச்சா பாட்டோட நிறுத்துங்க. இல்லன்னா வேற ஆளு ஏத்தட்டும்."

அன்று வீட்டில் தட்டு முன்னால் உட்கார்ந்து பொருமினார். "நாடு பெருசுன்னுதானே அதுக்காக வேண்டிக்கிறேன்!"

"இப்ப என்ன குடி முழுகிப் போச்சு?" என்றார் பெரியம்மா. "கொடிய அங்க ஏத்துங்க. ஆமென வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்லுங்க."

"உங்கிட்ட சொன்னா நாட்டுக்குப் போய்ச் சேருமாடி?"

சுதந்திர தினக் காலையில் நான் பணிமனை வாசலில் நின்றேன். கொடி சிக்கல் இல்லாமல் ஏறிப் படபடத்தது. கீதம் முடிந்தது. பெரியப்பா உதட்டைக் கடித்துக்கொண்டார். தொப்பி தலையிலேயே இருந்தது.

யாரும் அசையவில்லை. ஓட்டுநர், நடத்துநர், மெக்கானிக் எல்லோரும் விறைத்தபடி. இத்தனை வருடமாக அந்த ஆமெனைக் கேட்டுத்தான் அங்கே வரிசை கலைந்திருக்கிறது; அவர்களுக்கு வேறு உத்தரவு பழக்கமில்லை. மேலாளர் இருமினார். "கலையலாம்" என்றார். ஒரு கால்கூட நகரவில்லை. நிறுத்தத்தில் காத்திருந்த பயணிகள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணே, கால் மரத்துப் போச்சு!" என்றாள் முன்வரிசையில் நின்ற நடத்துநர் ஒருத்தி.

வரிசை குலுங்கிச் சிரித்தது. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சொல்லுங்கய்யா. வண்டி எடுக்கணும்."

பெரியப்பா மெல்லத் தொப்பியைக் கழற்றினார்.